எலிக்குப் போதுமான சுத்தம் ஆட்டுக்குப் போதாது: கால்நடைத் தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசி ஆய்வாளர்களுக்கும், மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறையின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் சிவகங்கை மாவட்டத்துச் செட்டிநாட்டில், கல்லல் பக்கத்துக் கிராமத்துக்காரி. ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்மிட் டி.என்.ஏ (பாக்டீரியாவுக்குள் பெருக்கி எடுக்கும் சிறு வளைய டி.என்.ஏ) தயாரித்துச் சுத்திகரிப்பது என் வேலை. ஊரில் எங்கள் சொந்தபந்தத்தில் பலர் ஆடு மாடு வைத்துப் பிழைப்பவர்கள். இந்த இரண்டு பக்கமும் தெரிந்ததால் ஒரு விஷயம் சில காலமாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

கிருமிக்குப் பதிலாக அதன் ஒரு புரதத்துக்கான குறிப்பை மட்டும் செலுத்தும் டி.என்.ஏ தடுப்பூசி கால்நடைகளுக்கு வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் ஊசிக்குள் இருந்த டி.என்.ஏ எந்தத் தரத்தில் இருந்தது என்று சொல்லாமல், 'பலன் கிடைத்தது' என்றோ 'கிடைக்கவில்லை' என்றோ முடிவு அறிவிக்காதீர்கள். எங்கள் மந்தைகளில் சோதனை நடத்துவதாக இருந்தால், ஊசி போடும் முன்பே அந்தத் தரத்தை எங்களுக்குக் காட்டுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது பெரிய வீடுகளும் சாப்பாடும். அந்த வீடுகளைச் சுற்றி இருப்பது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் ஆடுதான் சோறு போடும். சிறாவயல் மஞ்சுவிரட்டுக்கு வளர்க்கும் காளை, மலைப்பக்கம் வரை மேய்ச்சலுக்குப் போய்வரும் புலிக்குளம் மாடு, வீட்டுக்குப் பின்னால் திரியும் நாட்டுக்கோழி, அறுவடை முடிந்த தஞ்சாவூர் வயல்களில் உரத்துக்காகக் கிடை போட, ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஓட்டிப்போகும் செம்மறி மந்தை எல்லாம் இங்கே வங்கிக் கணக்கு மாதிரி. பெண்ணுக்குக் காது குத்த, பையனுக்குக் கல்லூரிப் பணம் கட்ட, அதில் இரண்டைப் பிடித்து விற்பார்கள். ஒரு மந்தையில் ஆட்டுக்கொல்லி வைரஸ் நோய் நுழைந்தால் அந்தக் குடும்பத்தின் இரண்டு மூன்று வருட உழைப்பு சில வாரங்களில் போய்விடும்.

இன்று எங்கள் கால்நடைகளுக்கு அரசு போடும் தடுப்பூசிகள் எல்லாம் பழைய முறையில் தயாரானவை. கோமாரிக்குச் செயலிழக்கச் செய்த வைரஸ், ஆட்டுக்கொல்லிக்கும் கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கும் வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ், தோல் கழலை நோய்க்கு ஆட்டம்மைத் தடுப்பூசி. இவை செய்திருக்கும் நன்மையைக் குறைத்துப் பேசுகிற எண்ணம் எனக்கு இல்லை. 1932 முதல் ராணிப்பேட்டையில் இயங்கும் தடுப்பூசித் தயாரிப்பு நிறுவனமும், 'அரசூர்' என்ற வைரஸ் வகையிலிருந்து ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி உருவாக்கிய உங்கள் பல்கலைக்கழகமும் காப்பாற்றிய உயிர்கள் கொஞ்சமல்ல.

ஆனால் ஊசி போட்ட பிறகும் ஆடு செத்தால் என்ன நடக்கிறது தெரியுமா? எங்கள் பெரியப்பா மந்தையில் அது நடந்தது. தடுப்பூசி போட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மூக்கொழுகி, வாய்ப்புண் வந்து, கழிந்து கழிந்து குட்டிகள் விழுந்தன. விசாரிக்க வந்தவர்கள் சொன்ன காரணம்: "உங்க ஆட்டுக்கு ஏற்கெனவே சத்துக் குறைவு." இருக்கலாம். அதே சமயம், அந்தக் குப்பி எந்தத் தயாரிப்புத் தொகுதியை (பேட்ச்) சேர்ந்தது, வழியில் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தது, கரைத்த பிறகு எத்தனை மணி நேரம் வைத்துப் போட்டார்கள் என்று ஒரு கேள்விகூட எழவில்லை. தொகுதி எண் எங்கும் எழுதப்படவில்லை. பழி நேராக ஆட்டின் மேலும், வளர்த்தவர் மேலும் விழுந்தது.

பழைய தடுப்பூசியிலேயே நிலைமை இப்படி என்றால், டி.என்.ஏ தடுப்பூசியில் இது இன்னும் மோசமாகும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த மடலை ஆடு வளர்ப்பவர்களும் படிக்க வேண்டும்.

1990-இல் ஓர் ஆய்வுக் குழு வெறும் பிளாஸ்மிட் டி.என்.ஏ-வை எலியின் தசையில் ஊசியாகப் போட்டுப் பார்த்தது. அந்த டி.என்.ஏ சொன்ன புரதத்தைத் தசையே தயாரித்தது. அங்கே தொடங்கியதுதான் இந்த வழி. நோய்க்கிருமியின் ஒரே ஒரு புரதத்துக்கான குறிப்பை மட்டும் வளைய வடிவ டி.என்.ஏ-வில் பொதித்து உடலுக்குள் செலுத்துகிறோம். செல்கள் அந்தப் புரதத்தைத் தயாரிக்கின்றன, எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது. உயிருள்ள கிருமி எதுவும் உள்ளே போவதில்லை. 2005-இல் அமெரிக்காவில் குதிரைகளுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தடுப்பூசியும், அதே ஆண்டு கனடாவில் சால்மன் மீனுக்கு ஒரு தடுப்பூசியும் இந்த முறையில் அனுமதி பெற்றன. நம் நாட்டிலேயே 2021-இல் கொரோனாவுக்காக சைகோவ்-டி அவசர அனுமதி பெற்றது. மனிதருக்கு அனுமதி கிடைத்த முதல் டி.என்.ஏ தடுப்பூசி அது. ஆக, இது கனவு இல்லை.

'இதைப் போட்டால் ஆட்டின் மரபணு மாறிவிடுமா?' என்று ஊரில் கேட்பார்கள். பிளாஸ்மிட் ஆட்டின் குரோமோசோமோடு சேராமல் தனியாகத்தான் இருக்கும். சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அதையும் சோதித்துப் பார்த்துத்தான் அனுமதி தருகிறார்கள். இந்தக் கேள்விக்கு நீங்கள் முகம் சுளிக்காமல் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

சரி, தரம் என்று நான் எதைச் சொல்கிறேன்?

முதலில் வடிவம். நல்ல பிளாஸ்மிட், இறுக முறுக்கிய தாம்புக்கயிறு மாதிரி தன்மேல் தானே சுருண்டு கச்சிதமாக இருக்கும். ஒரு இழையில் ஓர் இடத்தில் வெட்டு விழுந்தாலும் முறுக்கு அவிழ்ந்து தளர்ந்த வளையமாகிவிடும். இரண்டு இழையும் அறுந்தால் நீளத் துண்டு. உடலுக்குள் டி.என்.ஏ-வைத் தின்னும் நொதிகள் நிறைய உண்டு. அறுந்த துண்டு அவற்றுக்கு எளிய இரை. முறுக்குள்ளது கூடுதல் நேரம் தாக்குப்பிடித்து செல்லின் உட்கருவரை போய்ச் சேர வாய்ப்பு அதிகம். எல்லாச் சோதனையிலும் வடிவத்தின் விளைவு ஒரே அளவில் தெரிவதில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் மனிதருக்கான டி.என்.ஏ தடுப்பூசிகள் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 80 சதவீதத்துக்கு மேல் முறுக்கு வடிவில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி தயாராகிறதா என்பதைக் காட்டும் முதல் அடையாளமும் இதுதான்.

அடுத்தது, எனக்கு அதிகக் கவலை தருவது: எண்டோடாக்சின். பிளாஸ்மிட்டை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்தான் பெருக்குகிறோம். அந்தப் பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் நச்சுக் கொழுப்பு, செல்லை உடைக்கும்போது கரைசலில் கலந்துவிடும். டி.என்.ஏ-வுக்கும் அதற்கும் மின்னூட்டம் ஒரே வகை என்பதால், சுத்திகரிக்கும் தூணில் (டி.என்.ஏ-வைப் பிடித்து வைக்கும் குழாய்) இரண்டும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிரிக்கத் தனியாக மெனக்கெட வேண்டும், செலவும் கூடும். செலவைப் பார்த்துப் பல இடங்களில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

எலியில் அது தெரியாது. எலி எண்டோடாக்சினை ஏராளமாகத் தாங்கும். ஆடு, மாடு, குதிரை தாங்காது. காய்ச்சல் வரும், தீனி எடுக்காது, கறவை குறையும். அளவையும் பாருங்கள். எலிக்கு 100 மைக்ரோகிராம் டி.என்.ஏ போதுமென்றால், மாட்டுக்கு மில்லிகிராம் கணக்கில் போட வேண்டியிருக்கும். டி.என்.ஏ எத்தனை மடங்கு கூடுகிறதோ, அதோடு ஒட்டி வரும் அழுக்கும் அத்தனை மடங்கு கூடும். எலி ஆய்வுக்காகத் தயாரித்த அதே முறையை அப்படியே பெரிதாக்கி ஆட்டுக்குக் கொண்டுவருவது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ-வும் ஆர்.என்.ஏ-வும். செல்லைக் காரக் கரைசலில் உடைத்து, பிறகு உப்புக் கரைசல் சேர்த்துச் சமன் செய்யும்போது, பாக்டீரியாவின் பெரிய டி.என்.ஏ திரிந்து கீழே படிய வேண்டும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுப் பலமாகக் குலுக்கினால் அது சிறு சிறு துண்டாகி பிளாஸ்மிட்டோடு கலந்துவிடும். காரத்தில் அதிக நேரம் விட்டால் பிளாஸ்மிட்டே நிரந்தரமாகச் சிதையும். கைப்பக்குவம் இங்கேதான் தெரியும். இப்படிக் கலந்த சரக்கில் '2 மில்லிகிராம் டி.என்.ஏ' என்று எழுதியிருந்தால், அதில் உண்மையான தடுப்பூசி எவ்வளவு, பாக்டீரியாக் குப்பை எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? ஆட்டுக்குப் போன மருந்தின் அளவே குறைந்துபோகிறது. அப்புறம், 'இந்த மரபணு வேலை செய்யவில்லை' என்று முடிவு எழுதுகிறோம்.

பல ஆய்வுக்கூடங்களில் தரச்சோதனை என்றால், புற ஊதா ஒளியை இரண்டு அலைநீளங்களில் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் ஒரு விகிதம் மட்டும்தான். 1.8-க்கும் 2.0-க்கும் இடையில் வந்தால் 'சுத்தம்' என்று எழுதிவிடுவார்கள். அந்த எண், புரதம் அதிகமாகக் கலந்திருக்கிறதா என்று ஓரளவு காட்டும், அவ்வளவுதான். பிளாஸ்மிட் முறுக்கோடு இருக்கிறதா அறுந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. எண்டோடாக்சின் அதன் கண்ணில் படவே படாது. பாக்டீரியா டி.என்.ஏ-வையும் பிளாஸ்மிட்டையும் அது வேறுபடுத்தாது. வடிவத்தைப் பார்க்க ஜெல் ஓட்ட வேண்டும், அதாவது மின்சாரம் செலுத்திக் கூழ்த்தட்டில் டி.என்.ஏ-வை வடிவவாரியாகப் பிரிக்க வேண்டும். எண்டோடாக்சினுக்கு, குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து எடுத்த பொருளை வைத்துச் செய்யும் சோதனையோ அதற்கு இணையான வேறொன்றோ தனியாகச் செய்ய வேண்டும். விகிதத்தை மட்டும் காட்டி ஒரு தடுப்பூசித் தொகுதி ஆட்டின் தொடைக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தரம் குறைந்தால் தடுப்பூசி தோற்கும் என்பது ஒரு பக்கம். தரம் குறைந்ததால் தடுப்பூசி ஜெயித்த மாதிரி தெரிவது இன்னொரு பக்கம். இது அதைவிட ஆபத்து. எண்டோடாக்சினும் பாக்டீரியா டி.என்.ஏ-வும் தாங்களாகவே எதிர்ப்பு மண்டலத்தை உசுப்பும் தன்மை உடையவை. ஊசி போட்ட சில நாட்களுக்குள் நோய்க்கிருமியைச் செலுத்திச் சோதித்தால், அந்தப் பொதுவான உசுப்பலிலேயே விலங்கு தப்பித்துவிடலாம். பார்ப்பவர் தடுப்பூசி வென்றது என்று எழுதுவார். ஆனால் குறிப்பிட்ட நோய்க்கான நினைவு எதுவும் அங்கே உருவாகியிருக்காது. சில மாதம் கழித்து மந்தைக்குள் உண்மையான ஆட்டுக்கொல்லி வரும்போது பாதுகாப்பு இருக்காது. அதனால்தான், ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்பு நீரைப் போடுவது போதாது என்கிறேன். நோய்ப் புரதக் குறிப்பு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட்டை, அதே முறையில், அதே சுத்தத்தில் தயாரித்து அந்தக் குழுவுக்குப் போட வேண்டும். அந்த வெற்றுப் பிளாஸ்மிட்டின் எண்டோடாக்சின் அளவையும் தடுப்பூசியின் அளவுக்குப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும்.

சால்மன் மீனில் மிகக் குறைந்த அளவே ஒரே ஊசியில் நல்ல பாதுகாப்பு தந்தது. பெரிய பாலூட்டிகளில் அப்படி நடப்பதில்லை. அளவு கூட்ட வேண்டும், திரும்பத் திரும்பப் போட வேண்டும், ஊசியில்லாக் கருவியோ, டி.என்.ஏ செல்லுக்குள் புக உதவும் மின்துடிப்போ துணைக்கு வேண்டும். சைகோவ்-டி-யே மூன்று தவணை, 28 நாள் இடைவெளியில். எங்கள் கீதாரிகளின் மந்தை முதல் தவணைக்கு சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும், இரண்டாம் தவணைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு வயலில் இருக்கும். மூன்றாவதுக்கு எங்கே இருக்கும் என்று கீதாரிக்கே தெரியாது, மழை சொன்னால்தான் உண்டு. இதைக் கணக்கில் எடுக்காமல் சோதனைத் திட்டம் போட்டால், தவறிய தவணைகளும் 'தடுப்பூசி தோல்வி' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். மந்தை போகிற வழியெல்லாம் உள்ள கால்நடை மருந்தகங்கள் ஒரே பதிவேட்டைப் பார்க்கும்படி செய்யுங்கள். அல்லது ஒரே தவணையில் பாதுகாப்பு தரும் வடிவம் கிடைக்கும்வரை நடமாடும் மந்தைகளைச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

குளிர்ச்சி பற்றியும் ஒன்று. டி.என்.ஏ தடுப்பூசிக்கு உயிருள்ள வைரஸ் அளவுக்குக் குளிர்பெட்டி தேவையில்லை என்று சொல்கிறார்கள். அது உண்மை, எங்கள் ஊருக்கு அது பெரிய வரமும்கூட. சித்திரை வெயிலில் மதகுபட்டியிலிருந்து உள்கிராமத்துக்கு பைக்கில் ஐஸ் பெட்டியோடு போகும் ஊழியர்களின் பாடு எனக்குத் தெரியும். ஆனால் 'அந்த அளவுக்குத் தேவையில்லை' என்பது 'எப்படி வைத்தாலும் சரி' என்று மாறிவிடக் கூடாது. சூட்டில் நாட்கணக்கில் கிடந்தால் முறுக்கு அவிழும். உறைய வைப்பதும் உருக்குவதுமாக இருந்தாலும் அவிழும். வெளியே பார்த்தால் குப்பி தெளிந்த தண்ணீராகவே இருக்கும். அதனால் தொழிற்சாலையில் எடுத்த அளவீடு மட்டும் போதாது. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஊசி போட்ட அன்று மிஞ்சிய குப்பிகளில் சிலவற்றைத் திரும்ப எடுத்துப்போய், அதே ஜெல் சோதனையை மறுபடி செய்யுங்கள். அந்த எண்ணும் அறிக்கையில் வரட்டும்.

'இவ்வளவு கெடுபிடி கால்நடைக்கு எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. மாடுகளைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போன வெக்கை நோய் 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்குத் தடுப்பூசி முக்கியக் காரணம். ஆப்பிரிக்காவில் அந்தத் தடுப்பூசியின் தொகுதிகளைத் தயாரித்தவர்களே 'சரி' என்று சொன்னால் போதும் என்று விடவில்லை. எத்தியோப்பியாவில் பான்வாக் என்ற தனி மையம் வைத்து, தயாரிப்பாளரோடு சம்பந்தமில்லாத ஆட்களை விட்டுச் சோதித்தார்கள். நம் நாட்டிலும் கால்நடைத் தடுப்பூசிகளைச் சோதிக்க உத்தரப் பிரதேசத்தின் பாக்பத்தில் தேசியக் கால்நடைச் சுகாதார நிறுவனம் இருக்கிறது. டி.என்.ஏ தடுப்பூசித் தொகுதிகளுக்கும், கள ஆய்வுக்குப் போகும் சிறிய தொகுதிகளுக்கும்கூட, தயாரித்தவர் அல்லாத ஒருவர் கையொப்பம் வேண்டும். எங்கள் பக்கத்திலேயே, காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் அதன் ஆய்வுத் துறைகளும் உள்ளன. ஜெல் ஓட்டுவதும் எண்டோடாக்சின் பார்ப்பதும் அங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல. இரண்டாவது ஜோடிக் கண்ணாக அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எனவே, எங்கள் பக்கம் எந்த டி.என்.ஏ தடுப்பூசிச் சோதனைக்கு வந்தாலும், தொகுதி எண்ணோடு ஒரு தாள் கொண்டுவாருங்கள். அந்தத் தாளில் முறுக்கு வடிவம் எத்தனை சதவீதம், எண்டோடாக்சின் ஒரு மில்லிகிராமுக்கு எவ்வளவு, பாக்டீரியா டி.என்.ஏ எவ்வளவு கலந்திருக்கிறது, பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாவை மட்டும் பிரித்து வளர்க்க எந்த ஆண்டிபயாட்டிக் எதிர்ப்பு மரபணுவை அதில் வைத்திருக்கிறார்கள், என்றைக்குத் தயாரித்தது, யார் மறுபடி சோதித்தது என்பதெல்லாம் தமிழில் இருக்கட்டும். புரியாது என்று நினைக்காதீர்கள். மாட்டின் சுழி பார்த்து விலை பேசத் தெரிந்தவர்களுக்கு நாலு எண்ணைப் படித்துச் சொல்லிக் கொடுத்தால் புரியும். செட்டிநாடு கால்நடைப் பண்ணையில் முதலில் சோதித்துவிட்டு, அந்த முடிவைத் தரவுகளோடு வெளியிட்ட பிறகு கிராமத்துக்கு வருவது இன்னும் நல்லது. பண்ணையில் ஆட்டுக்குக் காய்ச்சல் எவ்வளவு ஏறியது, எத்தனை நாள் தீனி குறைந்தது என்று பார்க்க ஆள் இருப்பார்கள்.

ஊசி போட்ட ஆடு செத்தால் இழப்பீடு யார் தருவது என்பதையும் முன்கூட்டியே எழுதித் தாருங்கள். பரிசோதனைக்காக ஆட்டைக் கொடுக்கும் குடும்பம் கொடுப்பது தன் சேமிப்பை. 'அறிவியலுக்கு உதவினீர்கள்' என்ற பாராட்டுச் சான்றிதழ் மட்டும் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. செத்த ஆட்டைப் பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைக்கவும் கூடாது. காரணம் தடுப்பூசியா, நோயா, வேறு ஏதாவதா என்று தெரிந்தால்தான் அடுத்த தொகுதியைத் திருத்த முடியும்.

தோற்ற சோதனைகளையும் வெளியிடுங்கள். பலன் தராத தடுப்பூசியின் தரத்தாள் பலன் தந்ததன் தரத்தாளைவிட எங்களுக்கு உதவும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தோற்றது மரபணுத் தேர்வா, சுத்திகரிப்பா, வெயிலா என்று சொல்ல முடியும். இல்லையென்றால் ஒரு நல்ல தடுப்பூசியை அழுக்கான ஒரு தொகுதியின் காரணமாகக் குப்பையில் போட்டுவிடுவோம்.

சோதனைக்கு வரும்போது தகவல் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து ஆடு வளர்ப்பவர்களைக் கூட்டி வைப்பதும், தரத்தாளை அவர்களுக்கு வரிவரியாகப் படித்துச் சொல்வதும் என் பொறுப்பு. அந்தக் கூட்டத்துக்கு, தயாரித்தவர்களில் ஒருவரையாவது அனுப்பி வையுங்கள். கேள்விகள் அவரிடம்தான் கேட்க வேண்டியவை.

இப்படிக்கு,
கல்லல் வட்டாரத்து ஆடு வளர்ப்புக் குடும்பத்துப் பெண்,
பிளாஸ்மிட் ஆய்வுக்கூடப் பணியாளர்